மஞ்சள் கொடிக்கு இருபதடி பின்னால்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரத்தநாடு பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர் போகும் வெள்ளைப் பலகை வண்டியில் ஏறினேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் காசில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

“எங்க பெரியம்மா, இவ்வளவு கனமா?”

“மெட்ராசுக்கு. ராத்திரி ரோட்டுல கார் பந்தயம் நடக்குதுல்ல, அதப் பாக்க.”

“அட. யாரு ஓட்டுறா, உங்க பேரனா?”

“ஓட்டுறவன நிறுத்துறவ எம்பொண்ணு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்.

எங்கள் மகளிர் குழுவில் பதினாறு பேர். ஒருத்திகூடக் கார் பந்தயம் பார்த்தது கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிப் படித்துக் காட்டு என்று கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

என் பெண் பெயர் கலைச்செல்வி. வயது முப்பத்திரண்டு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பந்தயம் நடக்கும் நாட்களில் மட்டும் தானாகப் பெயர் கொடுத்து, பாதையோரத்தில் கொடி பிடிக்கப் போகிறாள். முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடி. வழி சரியாகிவிட்டால் பச்சை. சிவப்பு என்றால் பந்தயமே நின்றுவிடும். இதெல்லாம் அவள் போனில் சொன்னது.

“ரேஸ் முடிஞ்சதும் கேட்டுக்கு வந்துடறேம்மா. என் ரூமுக்குப் போவோம். ரெண்டு நாள் இருந்துட்டுப் போ” என்றும் சொன்னாள். ஊரைவிட்டுப் போன பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னை வா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

பையில் பொருவிளங்காய் உருண்டை இருந்தது. அரிசியும் பாசிப்பயறும் வறுத்து அரைத்து, வெல்லப்பாகு ஊற்றிச் சூட்டோடு பிடிப்பது. ஆறினால் கல். சின்ன வயதில் அம்மிக் குழவியால் உடைத்துக் கொடுத்தால் கலை நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டு திரிவாள். முப்பது உருண்டை பிடித்தேன். உள்ளங்கை இரண்டு நாள் எரிந்தது.

பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் தஞ்சாவூரில் ரயில். எழும்பூர் வரைக்கும் உட்காரும் சீட்டுக்கு நூற்று ஐம்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் கும்பகோணத்தில் இறங்க வேண்டிய ஓர் அம்மாள், வெற்றிலை போட்டுக்கொண்டு, ஏறினதிலிருந்து மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆவணி மாதம். சில வயல் சேற்றுழவில் கிடந்தது, சிலது நாற்றங்கால் பச்சையாய் இருந்தது. பாபநாசம் தாண்டியதும் ஒரு வயலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். ரயிலைப் பார்த்து ஒருத்தியும் நிமிரவில்லை.

“ஒருத்தியாச்சும் நிமிந்து பாக்குறாளா பாருங்க” என்றாள் அந்த அம்மாள்.

“வரிசை கெட்டுரும்” என்றேன்.

சொன்ன பிறகு எனக்கு வாய் கசந்தது. அந்தச் சொல்லை நான் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதையும் இங்கே எழுதினால்தான் பயணம் புரியும்.

நான் எங்கள் ஊரில் நடவு நடும் பெண்கள் கொத்துக்குத் தலைவி. கூலிக்கு நட்ட வயலில் இரண்டு ஏக்கர் இன்றைக்கு எங்கள் பெயரில் இருக்கிறது. என் கை நட்ட வரிசையைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்து வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். கலை டிப்ளமா முடித்ததும் என் தம்பி மகனுக்குக் கட்டிவைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் மாட்டேன் என்றாள். கார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். போனால் என் முகத்தில் விழிக்காதே என்று நான் சொன்னேன்.

அவள் கிளம்பின அன்றைக்கு எங்கள் வயலில் நடவு. வரப்பில் வந்து நின்று, “அம்மா, நான் கிளம்புறேன்” என்றாள்.

நட்டவர்களுக்குத் தெரியும், நடவில் பின்னால்தான் போக வேண்டும். நட்டதைப் பார்த்தபடி குனிந்து, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவோம். அவள் நின்ற வரப்பு எனக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் நட்டவள் என்னை இடித்தாள். “ஏ, பொண்ணு நிக்கிதுடி. திரும்பேன்.”

“வரிசை கெட்டுரும்” என்றேன்.

ஒரு நாற்றுமுடி தீரும் வரைக்கும் அவள் நின்றாள் என்று பிறகு சொன்னார்கள். நான் ஒவ்வோர் அடியும் அவளை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. குதிகால் வரப்பில் இடித்தபோதுதான் திரும்பினேன். ஈர வரப்பில் காலடி மட்டும் இருந்தது. இடது கால் ஆழமாக, வலது கால் மேலாக. அவள் எப்போதும் இடது காலை ஊன்றித்தான் நிற்பாள்.

அதற்குப் பிறகு அவள் அப்பா இறந்ததற்கு வந்தாள். பொங்கலுக்கு இரண்டு தடவை வந்தாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்கு மேல் பேச்சு இல்லை.

கும்பகோணத்தில் அந்த அம்மாள் இறங்கினாள். மயிலாடுதுறையில் தயிர்சாதம் நாற்பது ரூபாய், புளிப்பு. கொள்ளிடம் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. ஆற்றில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர். விழுப்புரத்துக்குப் பிறகு வயலைக் காணோம். மனைக்கட்டுக் கல்தான் நட்டிருந்தது. அதில் மட்டும் வரிசை நன்றாக இருந்தது.

மாலை ஆறேகாலுக்கு எழும்பூர். அங்கிருந்து தீவுத்திடல் மூன்று கிலோமீட்டர்தான். பந்தயத்துக்காகச் சாலைகளை அடைத்துவிட்டதால் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போய் இருநூறு ரூபாய் வாங்கியது. கடைசி அரை கிலோமீட்டர் நடந்தேன். நாளைக்குப் பஸ் போகப்போகும் அதே தார்ச்சாலைதான். இரண்டு பக்கமும் இடுப்புயரச் சிமெண்டுக் கட்டைகளை ஒட்ட ஒட்ட வைத்து, அதற்கு மேல் ஆள் உயரத்துக்கு இரும்பு வலை கட்டியிருந்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. கீழே பார்த்தால் என் நிழல் நாலு பக்கமும் விழுந்தது. மூன்றரை கிலோமீட்டர் சுற்று முழுவதும் இப்படித்தான் என்றார்கள். முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம்.

வாசலில் காவலுக்கு ஒரு பெண். பையைத் திறந்து பார்த்தாள்.

“என்ன பாட்டி இது, கல்லா?”

“யார பாட்டிங்கிற? உனக்கே நாப்பது இருக்கும். அம்மான்னு கூப்பிடு.”

“சரிம்மா. என்ன இது?”

“உருண்டை. திங்கிறது.”

ஒன்றை எடுத்து மேஜையில் தட்டினாள். டக்கென்றது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “இத எடுத்து வண்டி மேல வீசுனா வண்டிதாம்மா உடையும். வெளிச் சாப்பாடு உள்ள விடக் கூடாது. இங்கியே வைங்க, நான் பாத்துக்கறேன். யாருக்கு இவ்ளோ?”

“எம்பொண்ணுக்கு. உள்ள கொடி புடிக்கிறா.”

“ஓ, அவங்களா” என்று உடனே மரியாதையாகப் பார்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. பையை மேஜைக்கு அடியில் வைத்துத் துணியால் மூடினாள்.

சீட்டு கலை வாங்கி அனுப்பியது. ஆயிரத்து எழுநூறு ரூபாய் போட்டிருந்தது. ஒரு மூட்டை நெல்லுக்கு மேல். படிபடியாகக் கட்டிய இரும்பு மேடை. என் இடத்துக்கு நேர் கீழே ஒரு திருப்பம். மேடைக்கு முன்னால் கட்டிய இன்னொரு வலைக்கு அந்தப்புறம், சிமெண்டுக் கட்டைக்குப் பின்னால், ஆரஞ்சு நிறச் சட்டையும் கால்சட்டையும் போட்டு மூன்று பேர் நின்றார்கள். மூன்றுமே முதுகு. தொப்பி வேறு. ஆனால் நடுவில் நின்றது இடது காலை ஊன்றி நின்றது. கையில் சுருட்டிய கொடிகள். எனக்கும் அவளுக்கும் இருபதடி இருக்கும், அதற்கு மேல் இல்லை.

எட்டரை மணிக்குத் தொடங்கியது. குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி சொல்கிறேன். வண்டிக்குக் கூரை இல்லை. நாலு சக்கரமும் வெளியே தள்ளி நிற்கும். தரையோடு தரையாகத் தவளை மாதிரி படுத்திருக்கும். ஓட்டுகிறவர் தலைக்கவசம் மட்டும் தெரியும். அவர் உள்ளே சாய்ந்து கிடக்கிறார். ஊரிலுள்ள கதிரடிக்கும் மிஷின் எல்லாவற்றையும் ஒரே களத்தில் ஓட்டினால் என்ன சத்தமோ அது. முதலில் காதில் விழுந்தது, பிறகு நெஞ்சில் இடித்தது. ரப்பர் கருகும் வாடை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. போன பிறகு தலையைத் திருப்பினால் ஒன்றேமுக்கால் நிமிடத்தில் மறுபடி வந்துவிடும். பக்கத்திலிருந்த பெண்ணும் பையனும் காதில் பஞ்சு மாதிரி எதையோ அடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். நான் வண்டியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

ஆறாவதோ ஏழாவதோ சுற்று. ஒரு வண்டி திருப்பத்தில் வழுக்கி, பின்பக்கம் முன்னால் வர, நேராக அவள் நின்ற கட்டையை நோக்கி வந்தது. கட்டையில் மோதிய சத்தம் இரும்பு மேடை வழியாக என் காலுக்கு ஏறியது. சக்கரமும் துண்டும் பறந்தன. அவள் ஓரடி பின்வாங்கவில்லை. கொடியை விரித்து வீசத் தொடங்கியிருந்தாள். அந்த விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டினவர் தானாக எழுந்து வெளியே வந்தார். பிறகு, தலையில் விளக்கு வைத்த ஒரு கார் வந்து மற்ற வண்டிகளைத் தன் பின்னால் மெதுவாக அழைத்துப் போனது. சத்தம் அடங்கிற்று. நான் எழுந்து வலையோரம் போனேன்.

“கலை” என்று கூப்பிட்டேன். “அடி கலை, ஒனக்கு ஒண்ணும் ஆவலையே? கலை.”

மேடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் தோள் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் முதுகு முதுகாகவே நின்றது.

சரி, அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆயிரத்து எழுநூறு ரூபாய் கொடுத்து, நேர் பின்னால் இடம் பார்த்து, உட்காரவைத்து, திரும்பாமல் நிற்கிறாள். பன்னிரண்டு வருடம் காத்திருந்து திருப்பிக் கொடுக்கிறாள். உயிர் பதறிக் கூப்பிட்டவளுக்கு ஊர் முன்னால் இந்த மரியாதை.

பந்தயம் முடியவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன். அப்போது மணி ஒன்பது அடித்துக் கொஞ்சம் ஆகியிருக்கும்.

வாசலில் அந்தப் பெண், “என்னம்மா அதுக்குள்ள? பொண்ணப் பாத்தீங்களா?” என்றாள்.

“பாத்தேன். முதுகைப் பாத்தேன். பையக் குடு.”

“அவங்க வருவாங்கன்னீங்களே.”

“பையக் குடு தாயி.”

கொடுத்தாள். துணியையும் மடித்துக் கொடுத்தாள்.

வெளியே ஓர் ஆட்டோ கிடைத்தது. எழும்பூருக்கு இருநூற்று இருபது என்றார். நான் பேரம் பேசவில்லை. ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

“ரேஸ் முடியலியே, பாதில வந்துட்டீங்களேமா?”

“என்னத்தப் பாக்குறது? பெத்த தாய் கத்துறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்குறா.”

“யாரு?”

“எம்பொண்ணு. கொடி புடிச்சிக்கிட்டு நிக்கிறா.”

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். “கொடி புடிக்கிறவங்க திரும்பக் கூடாதுமா. எம்மச்சான் ரெண்டு வருசம் அந்த வேலைக்குப் போனான். ரோட்டுக்கு முதுக காட்டவே கூடாது. அதுதான் மொதப் பாடம். கண்ண எடுத்தா அவங்க உசுரு மட்டும் இல்ல, வண்டிக்காரன் உசுரும் போயிரும். அவன் கல்யாணத்துலகூட மாலை போடறப்ப வாசலயே பாத்துனு இருந்தான்.”

நான் சிரிக்கவில்லை. அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“வண்டி மோதிச்சா?”

“மோதிச்சு. அவ காலடியில.”

“அப்ப சுத்தமா திரும்ப முடியாது. அத்த தூக்கிப் போட்டு, ரோட்ட பெருக்கி, பச்சை காட்டற வரிக்கும் அவங்க பொறுப்பு.” சிக்னலில் நிறுத்தினார். “திருப்பட்டுமாமா? இன்னும் அரைமணில முடிஞ்சிரும். கேட்டாண்ட விட்டுர்றேன். இதுக்குக் காசு வேணாம்.”

சிக்னல் சிவப்பாக இருந்தது. நல்ல நேரம் இருந்தது யோசிக்க. போயிருக்கலாம். வாசலில் உட்கார்ந்திருந்தால் அவள் வியர்வையும் கருகல் வாடையுமாக வந்திருப்பாள். ஒன்றும் பேச வேண்டாம், ஓர் உருண்டையை எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் போதும். ஆனால் அந்தக் காவல்காரப் பெண் என்ன நினைப்பாள் என்று தோன்றிற்று. மேடையில் நான் கத்தியதைக் கேட்டவர்கள் வெளியே வருவார்களே என்று தோன்றிற்று. கோபித்துக்கொண்டு போனவள் தானாகவே திரும்பி வந்தாள் என்று ஆகிவிடுமே என்று தோன்றிற்று.

“வேணாம். ரயிலுக்கு நேரமாச்சு” என்றேன்.

எழும்பூரில் இறங்கியபோது மணி ஒன்பதரை. ரயில் பத்தே முக்காலுக்கு. ஒன்றேகால் மணி நேரம் நடைமேடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது போகவரப் போதுமான நேரம்.

முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரம் இடம். தாம்பரம் தாண்டினதும் போன் அடித்தது. செங்கல்பட்டில் அடித்தது. பிறகு இரண்டு தடவை. திரையில் அவள் பெயர் எனக்குப் படிக்கத் தெரியும். எடுத்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஊருக்குக் கிளம்பிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவள் தேடாமல் இருந்திருப்பாள். அதைக்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். காலைக் கழுவுவதற்குள் போன். எடுத்தேன்.

“எங்கம்மா இருக்க?”

“வீட்டுல.”

“பதினொன்னரை வரைக்கும் கேட்டுல நின்னேன்.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“நீ கூப்பிட்டது கேட்டுச்சும்மா. மூணு தடவையும் கேட்டுச்சு. முன்னால வண்டி கெடந்துது. கண்ண எடுக்கக் கூடாது.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். ஆட்டோவில் ரயிலுக்கு நேரமாச்சு என்று சொன்னதும் பொய்தானே. ஆனால் சொல்லவில்லை. “ஆட்டோக்காரரு சொன்னாரு. எழும்பூர் வர்றதுக்கு முன்னாடியே.”



“பொருவிளங்கா கொண்டாந்தியாமே. கேட்டுல இருந்த அக்கா சொன்னாங்க. முப்பது இருக்கும்னாங்க.”

“ஆமா. அனுப்பிவைக்கவா?”

“பாக்கலாம்மா. வேலைக்கு நேரமாச்சு, வச்சிடறேன்.”

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு வேலை கிடையாது. இந்தச் சொல்லை யாரிடம் கற்றாள் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

பட்டணத்தையும் நம் ஊரையும் ஒப்பிட்டுச் சொல் என்று குழுவில் கேட்டார்கள். அங்கே ஒரு ராத்திரிக்காகச் சாலையை அடைத்து, சுவர் வைத்து, வலை கட்டி, விடிவதற்குள் கழற்றிவிடுகிறார்கள். அடுத்த நாள் அதே இடத்தில் பஸ் போகிறது. நான் வைத்த சுவர் பன்னிரண்டு வருடமாக நிற்கிறது. அதைக் கழற்றுகிற ஆள் நான்தான். கையில் உருண்டையும் இருந்தது, நேரமும் இருந்தது. அதற்கு மேல் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

போன புதன்கிழமை எங்கள் வயலில் சம்பா நடவு. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வரப்பு நிறைய நின்றது. நானும் இறங்கினேன். நாலு அடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து பின்னால் வரப்பைப் பார்த்தேன். யாரும் நிற்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் பார்த்தேன்.

“என்னக்கா இன்னைக்கு சும்மாச் சும்மா திரும்புற? வரிசை கெடப்போவுது” என்று பக்கத்தில் நட்டவள் அதட்டினாள்.

வரப்பு வந்ததும் கரையேறி நின்று பார்த்தேன். வயலின் அந்த முனை வரைக்கும் பார்த்தேன். வரிசை கெடவில்லை.